கரென்னி மக்கள்: உள்ளே ஒளிவதா, எல்லை தாண்டுவதா?

2021 மே மாதம் மியான்மரின் கயா மாநிலத்தில் ராணுவத்துக்கும் எதிர்ப்புப் படைகளுக்கும் சண்டை மூண்டது. அன்றிலிருந்து அங்கு வாழும் கரென்னி இனக் குடும்பங்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: மாநிலத்துக்குள்ளேயே காட்டோரக் குடிசை, இல்லையேல் எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் மே ஹொங் சோன் மாகாணத்து அகதி முகாம்கள்.

உள்ளே இருந்தால் வயல் கிட்டத்தில் இருக்கும். சண்டை ஓய்ந்த நாளில் போய் நெல் அறுக்கலாம். ஆனால் அதே வரப்பில் கண்ணிவெடி புதைந்திருக்கலாம். தார்ப்பாய்க் குடிசையை ஒட்டிப் பதுங்குகுழி வெட்டியே ஆக வேண்டும், குண்டு வானத்திலிருந்து வருகிறது. மழையில் குழி நிரம்பிவிடும். கோடையில் குடிக்கவே தண்ணீர் கிடைக்காது. சாலையும் நம்பத்தக்கதல்ல. 2021 டிசம்பர் 24 அன்று மோசோ கிராமத்தருகே ராணுவம் 30க்கும் மேற்பட்டோரைக் கொன்று, வண்டிகளோடு எரித்தது. கொடூரம்!

எல்லை தாண்டினால் உயிர் பயம் குறையும். கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் இதுவே மேல். ஆனால் முகாம் வீடுகள் மூங்கிலும் இலைக்கூரையும்தான்: 2013 மார்ச்சில் பான் மே சுரின் முகாமில் தீப்பிடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அகதிகளைக் காக்கும் 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் தாய்லாந்து சேரவில்லை. அதனால் புதிதாக வருபவருக்கு அகதி என்ற பதிவு கிடைப்பது அரிது. 2025இல் தாய்லாந்து அறிவித்த வேலை அனுமதியும் பதிவு உள்ளவர்களுக்குத்தான்.