ரீமேப் பண்ண டீசல் செடான்ல க்ளட்ச் ஸ்லிப்: குன்னூர் மலையில ரெண்டரை வருஷ அனுபவம்

நான் இருக்கிறது குன்னூர்ல. வேலை விஷயமா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும், அதனால என் வண்டி ஓடினதுல பாதி தூரம் பர்லியார், மரப்பாலம் வளைவுகள்லதான். 2.0 லிட்டர் டீசல் செடான், 6 கியர் மேனுவல், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். கம்பெனி கணக்கு 140 பிஎஸ் பவர், 320 என்எம் டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை). எடுத்த நாலாவது மாசமே கோயம்புத்தூர் போய் ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறது), டர்போ அமுக்கி அனுப்புற காத்த குளிர வைக்கிற பெரிய இன்டர்கூலர், இந்த ரெண்டும் பண்ணிட்டேன், பவர் அளக்குற டைனோ ஷீட்ல 178 பிஎஸ், 392 என்எம் வந்துச்சு. வண்டி பேர் இங்க போடல, ஏன்னா 320க்குன்னு செஞ்ச க்ளட்ச் மேல 392 ஏத்தினது நான், அதுல கம்பெனி தப்பு எதுவும் இல்ல.

முதல் சில மாசம் அவ்வளவு சந்தோஷம். முன்னாடி செகண்ட் கியர்ல முக்கிட்டு ஏறின இடமெல்லாம் தேர்ட்லயே ஏறுது, முன்னாடி போற பஸ்ஸ ஓவர்டேக் பண்ண நேரா ரோடு கொஞ்சம் கிடைச்சாலே போதும்னு ஆயிடுச்சு. 1,800 ஆர்பிஎம்லயே மொத்த டார்க்கும் வந்து நிக்கும், மலையில ஓட்டுறவங்களுக்கு அதோட அருமை தெரியும். அந்த 1,800லதான் பிரச்சனையும் இருந்துச்சுங்கிறது அப்ப எனக்குப் புரியல.

முதல் அறிகுறி மலையில வரவே இல்ல. காரமடை தாண்டி சமமான ரோட்டுல அஞ்சாவது கியர்ல போயிட்டிருந்தேன், ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சேன், ஆர்பிஎம் முள்ளு 2,000லேர்ந்து 2,500க்கு ஒரே தாவா தாவிடுச்சு ஆனா ஸ்பீடு அப்படியே இருக்கு. கால எடுத்ததும் முள்ளு கீழ வந்து உக்காந்துடுச்சு. ஏதோ கியர் சரியா விழலன்னு நினைச்சு விட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி. காலையில வண்டி ஜில்லுன்னு இருக்கும்போது எவ்வளவு மிதிச்சாலும் வராது, சாயங்காலம் மலை ஏறி வந்தப்புறம் வெலிங்டன் பக்கம் ஃபோர்த்ல மிதிச்சா உடனே வரும். இந்த சூடு வித்தியாசத்த அன்னைக்கே கவனிச்சிருந்தா நிறைய பணம் மிச்சமாகியிருக்கும்.

முதல்ல காட்டின ஒர்க்‌ஷாப்ல டர்போ லீக்குன்னு சொல்லி ஹோஸ் மாத்தினாங்க, அப்புறம் சென்சார்னாங்க, ஆறு வாரம் போச்சு. பேர் சொல்ல விரும்பல. ஆனா லாஜிக் ரொம்ப சிம்பிள்ங்க, டர்போ லீக்குன்னா புல்லிங் குறையும், ஆர்பிஎம் தாவாது. முள்ளு ஏறி ஸ்பீடு ஏறலன்னா இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஏதோ வழுக்குது, மேனுவல் வண்டியில அங்க இருக்கிறது க்ளட்ச் மட்டும்தான். கடைசியில குன்னூர்லயே எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணா, பக்கத்துல உக்காந்து "தம்பி, நாலாவது கியர் போடுங்க, 1,500 வரைக்கும் இறக்கிட்டு முழுசா மிதிங்க"ன்னாரு. மிதிச்சேன், முள்ளு தாவுச்சு. "கருகின வாடை வருதா? பிளேட் போச்சு"ன்னாரு. பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

பெரிய கியர்ல ஏன் முதல்ல தெரியுதுன்னு அவர்கிட்ட கேட்டேன். சின்ன கியர்ல ஆர்பிஎம் சடசடன்னு ஏறிடும், டர்போ முழு பூஸ்ட் கட்டுறதுக்குள்ள அந்த இடத்த தாண்டிடுவோம், பெரிய கியர்ல இன்ஜின் அதே 2,000லயே மாட்டிக்கிட்டு முழு டார்க்கையும் க்ளட்ச் மேல ரொம்ப நேரம் போட்டு அழுத்தும்னாரு. அதனால டெஸ்ட் பண்றவங்க ஃபர்ஸ்ட் கியர்ல பண்ணிட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

நம்ம மலை ரயில் கல்லார்லேர்ந்து குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம், பல் சக்கரம் பல் தண்டவாளத்துல மாட்டி ஏறுது, வழுக்க வழியே இல்ல. க்ளட்ச்ல பல்லே கிடையாது. க்ளட்ச் பிளேட்ட அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துது, பிளேட்டோட உராய்வு எவ்வளவு, விட்டம் எவ்வளவு, இந்த மூணும் சேர்ந்துதான் எவ்வளவு டார்க் தாங்கும்னு முடிவாகுது. அதுக்கு மேல போனா வழுக்கும், வழுக்கினா சூடாகும், சூடானா உராய்வு குறையும், இன்னும் வழுக்கும். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். க்ளட்ச் 350 என்எம் தாங்கிட்டு இருக்கும்போது 300 ஆர்பிஎம் வழுக்கினா 11 கிலோவாட் சூடு, அதாவது 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 11 அந்த சின்ன டப்பாக்குள்ள ஓடுற மாதிரி. அந்த கணக்க பாத்த அன்னையிலேர்ந்து வேணும்னே ஸ்லிப் பண்ணி மத்தவங்களுக்கு காட்டுறத நிறுத்திட்டேன்.

மலையில இது சீக்கிரம் வர்றதுக்கு ரெண்டு காரணம் எனக்கு பட்டது. ஒண்ணு ஹாஃப் க்ளட்ச். மே மாச சீசன்ல குன்னூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வெலிங்டன் போறதுக்குள்ள எத்தன தடவ மேட்டுல நின்னு கிளம்பணும்னு இங்க இருக்கிறவங்களுக்கு தெரியும், நான் ஹேண்ட் பிரேக் போடாம க்ளட்ச்லயே வண்டிய நிறுத்திப் பிடிச்ச ஆளு, பழக்க தோஷம். இன்னொண்ணு டர்போ. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்து அடர்த்தி கீழ இருக்கிறதவிட சுமார் 20 சதவீதம் கம்மி, டர்போ இல்லாத வண்டிக்கு அங்க போனா பவரே குறைஞ்சிடும், க்ளட்ச்சுக்கும் சுமை குறையும். டர்போ அந்த குறைய பெரும்பாலும் ஈடு கட்டிடுது, அதனால மலை மேல போனாலும் க்ளட்ச்சுக்கு ஓய்வு கிடையாது.

உடனே மாத்த கையில காசு இல்ல. மேப் பண்ணவர்கிட்ட போய் 1,500லேர்ந்து 2,500 வரைக்கும் டார்க்க 340க்கு இறக்கச் சொன்னேன், மேல இருக்கிற பவர தொட வேணாம்னு சொல்லிட்டேன். ஸ்லிப் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. மூணு மாசம் இப்படியே தள்ளினேன். ஸ்லிப் ஆரம்பிச்சு காசு சேக்குற நிலைமையில இருக்கிறவங்க முதல்ல இத பண்ணுங்க, ஆனா இது மருந்து இல்ல, பிளேட் ஏற்கனவே வெந்து பளபளன்னு ஆயிருந்தா திரும்ப பழைய பிடி வராது.

அப்படித்தான் ஒரு நாள் அம்மாவ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரும்போது பர்லியார் தாண்டி விட்டுடுச்சு. முன்னாடி ஒரு லாரி நின்னு நின்னு போகுது, நானும் நின்னு நின்னு போறேன், வாடை உள்ள வந்துச்சு, அம்மா "என்னப்பா ஏதோ கருகுது"ன்னாங்க, மிதிக்கிறேன் இன்ஜின் கத்துது வண்டி நகரல. அந்த நிமிஷம் வயித்துக்குள்ள ஏதோ பிசைஞ்சுது. இடம் பாத்து ஓரங்கட்டி, சக்கரத்துக்கு கல்லு வச்சுட்டு முக்கால் மணி நேரம் ஆற விட்டேன். அப்புறம் மெக்கானிக் அண்ணா போன்ல சொன்ன மாதிரி, முன்னாடி ரோடு காலியாகுற வரைக்கும் காத்திருந்து, ஃபர்ஸ்ட் செகண்ட் கியர்லயே, ஆக்ஸிலேட்டர கால்வாசிக்கு மேல தொடாம ஏத்தினேன். சின்ன கியர்ல சக்கரத்துக்கு வேணுங்கிற இழுப்பு இன்ஜினோட குறைஞ்ச டார்க்லயே கிடைச்சுடும், அதனால க்ளட்ச் தாங்கிடுச்சு. வீடு வந்து சேர்ந்தோம். அம்மா வண்டியில இருக்கும்போது அப்படி ஆனது இன்னைக்கும் மனசுல இருக்கு, காசு சேரட்டும்னு தள்ளிப்போட்டது தப்பு.

கியர்பாக்ஸ் இறக்கிப் பாத்தா பிளேட் ரிவெட் வரைக்கும் தேஞ்சிருந்துச்சு, அந்த பிளேட் ஒட்டிப் பிடிக்கிற இன்ஜின் சக்கரமான பிளைவீல் முகத்துல நீல நீலமா சூட்டுத் தழும்பு. அது டூயல் மாஸ் பிளைவீல் (நடுவுல ஸ்பிரிங் வச்சு ரெண்டு பாகமா இருக்கிறது), அந்த ரெண்டு பாகத்துக்கு நடுவுல ஆட்டம் லிமிட்ட தாண்டியிருந்ததால அதையும் மாத்த வேண்டியதாப் போச்சு. எந்த க்ளட்ச் போடுறதுன்னுதான் பெரிய குழப்பம். நண்பர்கள் எல்லாரும் செராமிக் பேடில் க்ளட்ச் (துடுப்பு மாதிரி தனித்தனி செராமிக் துண்டு வச்சது) போடு, 500 என்எம் தாங்கும்னாங்க. ஒரு நண்பர் வண்டியில அது இருக்கு, வாங்கி பெட்ஃபோர்டு மேட்டுல ஓட்டிப் பாத்தேன், பிடிச்சா ஒரேடியா பிடிக்குது விட்டா ஒரேடியா விடுது, நடுவுல ஒண்ணுமே இல்ல, டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது வண்டி மொத்தமும் உதறுது. ரேஸ் டிராக்குக்கு அது சரி. மேட்டுல பின்னாடி ஒட்டி ஒரு வண்டி நிக்கும்போது இஞ்ச் இஞ்சா நகர்த்தணும்னா வேணவே வேணாம். நான் போட்டது ஸ்பிரிங் அழுத்தம் கூடின பிரஷர் பிளேட், கூட நார்ப்பொருள்ல செஞ்ச ஆர்கானிக் பிளேட், 450 வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்த கிட்.

எனக்கு ஆன செலவு கிட் 42,000, பிளைவீல் 48,000, கூலி 11,000. பெடல மிதிச்சா க்ளட்ச்ச விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளயே இருக்கிற டைப், கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க ஆயில் சீல் வேற, ரெண்டையும் சேர்த்து 9,000. இந்த ரெண்ட மிச்சம் பிடிக்காதீங்க, சீல் கசிஞ்சு எண்ணெய் பிளேட்ல பட்டா புது க்ளட்ச்சும் வழுக்கும், மறுபடி கியர்பாக்ஸ் இறக்குற கூலி அத விட அதிகம்.

மாத்தினப்புறம் முதல் 800 கிலோமீட்டர் முழு ஆக்ஸிலேட்டர் தொடல, ஊருக்குள்ளயே ஓட்டினேன், பிளேட்டும் பிளைவீலும் ஒண்ணுக்கொண்ணு உரசி படியணும்னு. அதுக்கப்புறம்தான் பழைய 392 மேப்ப திரும்ப போட்டேன், இப்ப 18,000 ஓடியாச்சு, அதே காரமடை ரோட்டுல அதே அஞ்சாவது கியர்ல மிதிச்சா முள்ளும் ஸ்பீடும் சேர்ந்தே ஏறுது. பெடல் முன்னாடி விட கனம், முதல் ரெண்டு மாசம் வீட்டுக்காரி ஓட்டவே மாட்டேன்னாங்க, இப்ப பழகிடுச்சு, இருந்தாலும் சீசன் டிராஃபிக்ல அரை மணி நேரம் போனா முட்டி வலிக்குதுங்கிறாங்க, அது நியாயம்தான். காலையில ரொம்ப குளிரா இருந்தா ரிவர்ஸ்ல லேசா ஒரு உதறல் இருக்கு, ரெண்டு தடவ எடுத்து விட்டா போயிடும். இப்ப மேட்டுல நின்னா கை தானா ஹேண்ட் பிரேக்குக்கு போயிடுது.

இன்சூரன்ஸ்காரங்களுக்கு ரீமேப் விஷயத்த எழுத்துல தெரியப்படுத்திட்டேன். அடுத்து க்ளட்ச் லைன்ல இருக்கிற பிரேக் ஆயில் மாத்தணும், ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இந்த மழை விட்டதும் அண்ணாகிட்ட விடணும்.