வேனுக்குள் ஷவர் அறை அடிக்கப் போகிறவர்கள் கவனம்: மரைன் ப்ளைவுட் என்று காசு வாங்கி அலுமாரிப் பலகை போட்டார்கள்

வேனைத் தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றி வெள்ளைக்காரர்களை எல்ல, ஹோர்ட்டன் சமவெளி என்று ஏற்றிப் போகும் நம் மலையகப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நுவரெலியா பக்கத்து கராஜ் ஒன்றில் என் வேனுக்குச் சின்ன ஷவர் அறை ஒன்று அடித்தார்கள். "மரைன் ப்ளைவுட், தண்ணி இறங்கவே இறங்காது" என்றார் பாஸ். பில்லிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆடி மழை முடியும் வரைகூட அது தாங்கவில்லை.

முதலில் வந்தது வாடை. நனைந்த சாக்கு மாதிரி. பிறகு அடித்தட்டுக்குக் கொஞ்சம் மேலே, பலகையின் மேல் ஒட்டிய பிவிசி ஷீட் உப்பியது. விரலால் அமுக்கினால் பொதுபொதுவென்று உள்ளே போனது. கழற்றிப் பார்த்தால் பலகையின் அடியோரம் கறுத்து, தாள் தாளாகப் பிரிந்து கிடக்கிறது. ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து, கையால் இழுத்தாலே வந்துவிட்டன. வயிறு எரிந்தது.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கண்டியில் பலகை விற்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். பார்த்தவுடனேயே, "இது அலுமாரிக்குப் போடுற சாமான் தம்பி" என்றார். அந்த வகையில் பலகையின் மெல்லிய படைகளை ஒட்டுவது யூரியா பசை, ஈரத்தில் விட்டுப்போகும். மரைனில் பினோலிக் பசை, கொதிதண்ணீரிலும் பிடி விடாது. "ஒரு துண்டை அவிச்சுப் பாருங்க, தெரிஞ்சிரும்" என்றார். வீட்டில் அடுப்பில் வைத்தேன். படை படையாகக் கழன்று மிதந்தது.

பலகை மட்டுமல்ல, வேலையும் மோசம். ப்ளைவுட் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டிய ஓரத்தால்தான். அங்கேயும் ஸ்க்ரூ துளைகளிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் எபொக்சி பூசியிருக்க வேண்டும்; ஒரு சொட்டுக்கூடப் பூசவில்லை. மூலைகளில் வளைந்துகொடுக்கும் சிலிக்கனுக்குப் பதிலாக, காய்ந்தால் இறுகிப்போகும் டைல் கிரவுட். ரம்பொடை வளைவுகளில் ஏறி இறங்கும் வேனின் உடம்பு முறுகிக்கொண்டே இருக்கும், கிரவுட் எப்படி வெடிக்காமல் இருக்கும்? வெடித்த பிறகு அதன் மேலேயே வினாகிரி மணக்கும் சிலிக்கனை இழுத்துவிட்டார்கள். அந்த வகை தகட்டை அரிக்கும். வேனுக்கு அந்த மணம் இல்லாத நியூட்ரல் சிலிக்கன்தான் பாவிக்க வேண்டும், அதுவும் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு.

கூரை விசிறிக்கும் காசு வாங்கினார்கள். வைத்திருப்பது திறக்க முடியாத பிளாஸ்டிக் மூடி. நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்து இரவுக் குளிரில் வேன் தகடு சில்லிட்டுக் கிடக்கும். வெந்நீர் ஆவி வெளியே போக வழியில்லாமல் அந்தத் தகட்டில் தண்ணீராகி, பலகையை முதுகுப் பக்கத்தாலும் நனைத்திருக்கிறது.

திருப்பிக் கேட்டதற்கு பாஸ் சொன்ன பதில்: "தண்ணிய அளவாப் பாவிச்சிருக்கணும்." குளிப்பதற்கென்று கட்டிய அறைக்கு இப்படி ஒரு பேச்சு! இப்போது போனை எடுப்பதேயில்லை.

பலகையில் மரைன் ப்ளைவுட்டுக்கான பிரித்தானியத் தரமான பிஎஸ் 1088 முத்திரை இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். முத்திரையையும் போலியாக அடிப்பார்கள் என்பதால் ஒரு வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கி அவித்துப் பாருங்கள். ஷீட் ஒட்டுவதற்கு முன் ஓரங்களைப் படம் எடுத்து வையுங்கள். மீதிக் காசை, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்லையும் அவித்த பலகையின் படங்களையும் சேர்த்து நான் கொடுத்துவிட்டேன்.