வேலைவாய்ப்பு முகாம்: தங்கையுடன் இரண்டு முறை சென்று வந்த அனுபவம்

பி.காம். முடித்து ஏழு மாதங்களாக வேலை தேடிவந்த என் தங்கையுடன், எங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு இரண்டு முறை சென்று வந்தேன். பல மாவட்டங்களில் மாதத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது வெள்ளிக்கிழமையில் நடக்கும் இம்முகாமுக்கு அனுமதி முற்றிலும் இலவசம். இதற்கு முன் ஒரு தனியார் முகவர் பதிவுக் கட்டணம் என்று 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு நேர்காணலுக்குக்கூட அனுப்பாமல் விட்டிருந்ததால், ஒரே கூடத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் காசு செலவின்றி நேரில் பேச முடிந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் முறை நாங்கள் போதிய ஆயத்தமின்றிச் சென்றோம். கொண்டுபோன இரண்டு சுயவிவரப் பிரதிகளும் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிட்டன. மூன்றாவது மேசையில் இருந்தவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “டேலி தெரியுமாம்மா?” என்று கேட்டார். கணக்கு மென்பொருளான டேலியும் ஜி.எஸ்.டி. தாக்கலும் அவள் முறையாகப் பயின்றவை. ஆனால் அவை இரண்டாம் பக்கத்தின் அடியில், பெற்றோர் பெயருக்கும் கீழே கிடந்தன. அன்றிரவே அவற்றை மேலே ஏற்றி, முழு விவரத்தையும் ஒரே பக்கத்துக்குள் அடக்கினோம்.

அடுத்த மாதம் பத்துப் பிரதிகள், சான்றிதழ் நகல்கள், ஆதார், புகைப்படங்கள் ஆகியவற்றுடன் ஒரு நோட்டும் எடுத்துச் சென்றோம். நிறுவனம், பதவி, பேசியவர் பெயர், சொன்ன சம்பளம், மீண்டும் அழைக்க வேண்டிய நாள் என்று கோடு போட்டு, ஒவ்வொரு மேசையை விட்டு நகர்ந்ததும் அவள் நின்றபடியே எழுதிக்கொண்டாள். வேலை தேடும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். ஐந்தாறு இடங்களில் பேசியபின் யார் என்ன சொன்னார் என்பது மறுநாளே குழம்பிவிடும்.

சம்பளத்தைக் கேட்கும்போது கையில் வருவது எவ்வளவு என்றும் கேட்டு எழுதுங்கள். படிகள் ஏதுமின்றி அடிப்படைச் சம்பளம் மட்டுமே 15,000 ரூபாய் என்றால், 12 சதவீத வருங்கால வைப்பு நிதிக்கு 1,800 ரூபாயும், 0.75 சதவீத ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு 113 ரூபாயும் போக 13,087 ரூபாய்தான் மிஞ்சும். வெளியூரில் விடுதி வாடகையும் கொடுக்க வேண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதன்று.

குறை என்றால், நாங்கள் பார்த்த இரு முகாம்களிலும் விற்பனை, உற்பத்திப் பணிகளே மிகுதியாக இருந்தன. கணக்குப் பிரிவுக்கு மூன்று மேசைகளே இருந்தன. ஆகவே முகாமை மட்டும் நம்பியிராமல், 2020இல் தமிழக அரசு தொடங்கிய தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிந்து வைத்தோம்.

தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகிவிடுமோ என்று அம்மா கவலைப்பட்டார். ரத்தாகாது, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். நோட்டில் குறித்திருந்த நாளில் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடிய அந்த மூன்று நிறுவனங்களையும் தங்கை அழைத்தாள். இரண்டில் இடம் நிரம்பியிருந்தது. மூன்றாவது நிறுவனம் வரும் திங்கட்கிழமை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது.