இரு மொழி நாளிதழ்கள், பதினோரு ஆண்டு வாசிப்பு: பெண்கள், திருநர் செய்திகளில் நான் கண்ட சாய்வு

கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வாயனசாலையின், அதாவது படிப்பகத்தின், நீள மேசைக்குக் காலை ஏழு மணிக்குள் இரண்டு நாளிதழ்கள் வந்து சேர்ந்துவிடும். ஒன்று, வேலந்தாவளம் வழியாக வரும் தமிழ் நாளிதழின் கோவைப் பதிப்பு. மற்றொன்று, பாலக்காட்டுச் செய்திகளைத் தாங்கி வரும் மலையாள நாளிதழ். சித்தூர் வட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு ரேஷன் அட்டையும் வாக்கும் கேரளத்தில், பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்தில் என்பதால், இரண்டுமே எங்கள் வீட்டுச் செய்தியைத்தான் சொல்கின்றன. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியராக இருந்த நான், 2014 ஏப்ரல் 15 அன்று திருநர்களின் பாலின அடையாளத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மறுநாள், இரண்டு நாளிதழ்களிலும் அந்தச் செய்தியை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினேன். வகுப்பில் பயன்படும் என்று தொடங்கிய அந்தப் பழக்கம், பெண்கள் பற்றியும் திருநர் பற்றியும் வரும் செய்திகளை இரு மொழிகளிலும் அருகருகே ஒட்டிப் படிக்கும் பழக்கமாக நின்றுவிட்டது. இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு வாசகியாக எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் சாய்வைத் தலையங்கத்தில் தேடினேன். அது தவறான இடம். தலையங்கம் எழுதுபவர்கள் நிதானமாக எழுதுகிறார்கள். மகளிர் நாளன்று இரு நாளிதழ்களும் சொல்லும் கருத்தில் குறை காண முடியாது. சாய்வு குடியிருப்பது ஐந்தாம் பக்கத்து ஒற்றைப் பத்திக் குற்றச் செய்தியில், அதிலும் பெயர்ச்சொல்லிலும் வினைமுற்றிலும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என்று எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மலையாள வினைமுற்றில் பால் விகுதி இல்லை. அவனும் அவளும் அவரும் ‘வந்நு’தான். ஆகவே ஒரு திருநங்கையைப் பற்றிய செய்தியில் தமிழ் நிருபரின் மனம் வினைமுற்றிலேயே வெளிப்பட்டுவிடுகிறது: முதல் வரியில் ‘அவர்’ என்று தொடங்கி, காவல் நிலையம் வந்ததும் ‘அவன்’ ஆக்கிவிடும் செய்திகளை நான் பலமுறை ஒட்டியிருக்கிறேன். மலையாளச் செய்தியில் அந்தக் காட்டிக்கொடுப்பு இல்லை என்பதால் அது நேர்மையானது என்று சில காலம் நம்பினேன். பிறகுதான் அங்கே சாய்வு பெயர்ச்சொல்லுக்குள் இடம் மாறியிருப்பதைக் கவனித்தேன்.

‘பீடனம்’ என்ற மலையாளச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பேருந்தில் கை வைத்ததும் பீடனம், வன்புணர்வும் பீடனம். எது நடந்தது என்பதை மறைத்து, ஏதோ நடந்தது என்று மட்டும் சொல்லும் சொல் அது. தமிழில் ‘கற்பழிப்பு’ என்ற சொல், குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, இழந்தவள் என்ற பழியைப் பெண்ணின் மேல் ஏற்றியது. அதை விட்டுப் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதத் தொடங்கியது எங்கள் தமிழ் நாளிதழில் நான் கண்ட உண்மையான முன்னேற்றம். மலையாளத்தில் 2017இல் ஒரு நடிகை காரில் கடத்தித் தாக்கப்பட்ட வழக்குக்குப் பிறகு இரை என்ற பொருள்படும் ‘இர’ என்ற சொல் மெல்லப் பின்வாங்கி, மீண்டு வாழ்பவர் என்ற பொருளில் ‘அதிஜீவித’ வந்தது. ஒரு சொல் மாறினால் அடுத்த வாக்கியமும் மாறுகிறது என்பதை என் நோட்டே காட்டுகிறது: ‘இர’ என்று தொடங்கும் செய்தியில் அவள் அழுகிறாள், ‘அதிஜீவித’ என்று தொடங்கும் செய்தியில் அவர் மனு தாக்கல் செய்கிறார்.

ஆனால் ‘கள்ளக்காதல்’ அசையவே இல்லை. மலையாளத்தில் அதற்கு ‘அவிஹிதம்’. 2018 செப்டம்பர் 27 அன்று, கேரளத்தைச் சேர்ந்த ஜோசப் ஷைன் தொடுத்த வழக்கில், திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய பிரிவு அது என்பதே தீர்ப்பின் அடிப்படை. சட்டம் குற்றமில்லை என்று சொல்லிய பிறகும் தலைப்பில் ‘கள்ள’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதைவிட வேதனையானது, கணவன் மனைவியைக் கொன்ற செய்தியிலும் அந்தச் சொல்லே தலைப்பாகிறது. கொலை செய்தவனின் வாக்குமூலம் கொல்லப்பட்டவளின் குணமாகிவிடுகிறது. மறுத்துப் பேச அவள் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் பெண்களைப் பற்றிய தேய்ந்த சொற்களைத் தவிர்க்கும்படி நீதிபதிகளுக்காகவும் வழக்கறிஞர்களுக்காகவும் ஒரு கையேட்டை வெளியிட்டபோது, இரு நாளிதழ்களும் அதை நல்ல இடத்தில் வெளியிட்டன. அந்த வாரத்திலேயே விடுதிச் சோதனை பற்றிய ஒரு செய்தியில் ‘அழகிகள் மீட்பு’ என்ற தலைப்பை ஒட்டினேன்.

இதை எங்கள் பகுதி நிருபர் ஒருவரிடம் நேரில் கேட்டேன். பகுதிநேர வேலை பார்க்கும், நல்ல மனிதர். “ஸ்டேஷன்ல சொல்றதைத்தானுங்க டீச்சர் அனுப்பறேன். தலைப்பு அங்க ஆபீஸ்ல வெக்கறது” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. காவல்துறையின் குறிப்பு மாலையில் வரும். பக்கம் இரவில் மூடப்படும். பெண் வீட்டாரிடம் போய்க் கேட்டு வர அவருக்கு நேரமும் கிடையாது, வண்டிச் செலவும் கிடையாது. நான் பல ஆண்டுகளாக யாரோ ஒரு ஆசிரியரின் பெண் வெறுப்பு என்று கருதிய ஒன்றில் பாதி, ஒரே ஒரு தரப்பிடம் மட்டும் கேட்டு எழுதும் வேலைமுறை என்பது அன்றுதான் தெளிந்தது. மீதிப் பாதியை நான் மன்னிக்கத் தயாராக இல்லை, ஏனென்றால் ஒரு கடை உரிமையாளர் மீது வழக்கு என்றால் அவரிடம் கருத்துக் கேட்க அதே நிருபருக்கு நேரம் கிடைக்கிறது.

ஊர்ப் பெயரைப் பெண்ணின் மேல் சூட்டும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 1996இல் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த சூரியநெல்லியில், 16 வயதுச் சிறுமி ஒருத்தி 40 நாள் கொடுமைக்கு ஆளானாள். அவள் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் ‘சூரியநெல்லிப் பெண்’ என்றே எழுதினார்கள். 2005இல் உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர அனைவரையும் விடுவித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளும் அவள் ஓர் ஊரின் பெயராகவே இருந்தாள். எங்களுக்குப் பக்கத்து ஊரான பொள்ளாச்சிக்கும் 2019இல் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கால் அதுவே நேர்ந்தது. அதிலாவது பெண்ணின் பெயர் மறைந்ததா என்றால், காவல் கண்காணிப்பாளரின் செய்தியாளர் சந்திப்பிலும் அரசாணையிலும் அது வெளிவந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லும் நிலை வந்தது. அடையாளம் தெரியும்படியான சிறு குறிப்பைக்கூட வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் சொல்லி அப்போது நான்கு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே கசிந்து, மீண்டும் அதே 25 லட்சம். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தபோது எங்கள் மேசையில் அதைச் சத்தமாக வாசித்தோம். சில பெண்கள் அழுதார்கள், நானும் அழுதேன்.

எல்லையில் வசிப்பதால் எனக்குத் தெரிந்த இன்னொரு சாய்வு உண்டு. ஒவ்வொரு நாளிதழும் அடுத்த மாநிலத்துப் பெண்ணுக்குத்தான் அதிகம் இரங்குகிறது. பொள்ளாச்சி பற்றி மலையாள நாளிதழ் துணிந்து எழுதியது. மலையாளத் திரையுலகம் பற்றித் தமிழ் நாளிதழ் துணிந்து எழுதியது. அந்தத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த, நீதிபதி ஹேமா தலைமையிலான குழு 2019 டிசம்பர் 31 அன்று அளித்த அறிக்கை, மாநிலத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே, 2024 ஆகஸ்ட் 19 அன்று, பகுதிகள் மறைக்கப்பட்டு வெளியானது. நான்கரை ஆண்டுகள் அது அலமாரியில் இருந்த காலத்தில் என் நோட்டில் அதைப் பற்றிய துண்டுகள் மிகக் குறைவு. வெளியான பிறகோ, அடுத்து எந்த நடிகர் என்ற எதிர்பார்ப்பில் பக்கங்கள் நிரம்பின. படப்பிடிப்புத் தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லை என்று அந்த அறிக்கை சொன்னதையும், தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று பரிந்துரைத்ததையும் நான் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

என் பார்வையே சரி என்று நான் எண்ணியிருந்த காலத்தை முடித்துவைத்தது சபரிமலை. எல்லா வயதுப் பெண்களும் அந்தக் கோயிலுக்குள் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மறுத்து எழுதியவர் அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்கோத்ரா. 2019 ஜனவரி 1 அன்று காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை பெண்கள் சமத்துவத்துக்காகச் சுவர்போல் வரிசையாக நின்றபோது, எங்கள் மேசையில் தினமும் படிக்கும் பெரியவர் ஒருவர் நாளிதழ் பக்தர்களை அவமதிக்கிறது என்றார். நான் அது பெண்களை மறைக்கிறது என்றேன். இருவருமாக அந்த மாதத்து இதழ்களை எடுத்து, ஒவ்வொரு செய்தியிலும் பேசியிருப்பது யார் என்று மட்டும் பார்த்தோம். பெரும்பாலும் கட்சிக்காரர்களும் அமைப்புத் தலைவர்களும், அதாவது ஆண்கள், பேசியிருந்தார்கள். உள்ளே போக விரும்பிய பெண்ணும் சரி, வயது வரும்வரை காத்திருக்கிறோம் என்று சொன்ன பெண்ணும் சரி, படத்தில்தான் இருந்தார்கள். அதில் அவரும் நானும் ஒத்துப்போனோம். தீர்ப்பைப் பற்றி இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

திருநர் செய்திகளுக்கு வருகிறேன். 2008இல் நல வாரியம் அமைத்த தமிழ்நாடும், 2015இல் நாட்டிலேயே முதலில் திருநர் கொள்கை வகுத்த கேரளமும் அக்கம் பக்கத்து மாநிலங்கள். சொற்களும் மாறின: ‘அரவாணி’ போய்த் ‘திருநங்கை’ வந்தது, மலையாளத்தில் ‘பின்னலிங்கக்காரர்’ போய் ‘டிரான்ஸ்ஜெண்டர்’ வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. ஆயினும் செய்தி வகை இரண்டுதான் இருக்கிறது: தகராறு அல்லது சாதனை. 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது கொண்டாட்டச் செய்தியானது. வாடகைக்கு வீடு தர ஆள் இல்லாமல் அவர்களில் எட்டுப் பேர் விரைவிலேயே வேலையை விட்டது எங்கள் மேசைக்கு உள்பக்கச் செய்தியாக வந்தது. வீடு தராதவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

என் முன்னாள் மாணவி ஒருவர் திருநங்கை. சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையத்தில் இரண்டு ஆண்கள் அவரை அடித்தார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் ‘பேருந்து நிலையத்தில் திருநங்கை தகராறு’ என்ற தலைப்பில், அவருடைய பழைய ஆண் பெயரோடு செய்தி வந்தது. வெட்டிய துண்டோடு என் வீட்டுக்கு வந்தார். “அடி வாங்குனது நானுங்க டீச்சர். அது இதுல எங்கயுமே இல்லீங்களே” என்றார். ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. முதலில் ஆசிரியருக்கு எழுதி, பிறகு நாளிதழானால் இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலில் முறையிடலாம் என்பதும், கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும், தண்டிக்க முடியாது என்பதும் அப்போது கற்றுக்கொண்டேன். முறையிட வேண்டாம், பெயர் மறுபடியும் வரும் என்று அவரே தடுத்துவிட்டார்.

2025 ஏப்ரல் 15, தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். மறுநாள் இதழில் வாழ்த்துப் படங்கள். அதற்கு அடுத்த நாள், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 16ஆம் தேதி அளித்த தீர்ப்பு, ‘திருநங்கைகள் பெண்கள் அல்ல’ என்ற ஒற்றை வரியாக வந்தது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது பிறப்புப் பாலினத்தையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது உண்மை. அதே சட்டத்தின்படி திருநர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு தொடர்கிறது என்று அவர்கள் சேர்த்துச் சொன்னதும் உண்மை; அது எங்கள் இரு நாளிதழ்களிலும் இல்லை. மேசையில் இருந்த ஒரு தாய், பேருந்து நிலையக் கழிப்பறையை எண்ணித் தனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது என்றார். என் மாணவிக்கும் அதே கழிப்பறைதான் பயம். இருவரின் பயத்தையும் ஒரே பக்கத்தில் மரியாதையோடு கேட்டு எழுதிய செய்தி ஒன்றுகூட இரு மொழியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் கண்ட குறைகளில் பெரியது இதுதான் என்று கருதுகிறேன்.

இரண்டு நாளிதழ்களையும் நான் நிறுத்தவில்லை, நிறுத்தும்படி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஒன்றை மட்டும் படிக்கும் நாளில் எது விடுபட்டது என்று தெரியாமல் போகிறது. தீர்ப்பு பற்றிய செய்தி என்றால் தீர்ப்பின் சுருக்கத்தையாவது வாசித்த பிறகே பேசுகிறேன்; கைது பற்றிய செய்தியில் தேதியைக் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து அது மீண்டும் வந்ததா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் வருவதில்லை.

சென்ற ஆண்டு என் மாணவி தையல் கடை திறந்தார். முன்பு அந்தச் செய்தியை வெளியிட்ட நாளிதழிலிருந்தே பேட்டி எடுக்க வந்தார்கள். தம் பெயரை அவர்கள் தாளில் எழுதச் செய்து, வாய்விட்டு வாசிக்கச் செய்த பிறகே படம் எடுக்க விட்டார். செய்தி மரியாதையாகவே வந்தது. பெயர் சரி, ‘அவர்’ என்ற விகுதி கடைசி வரி வரை மாறவில்லை. தலைப்பு, ‘சாதித்த திருநங்கை’. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “கடை எந்த வீதியில இருக்குதுன்னு போடவே இல்லீங்களே டீச்சர்” என்றார்.