ஆசிட் ஊற்றிய ஆத்தங்குடித் தரை

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குப் போனதில் மற்றதெல்லாம் சரியாகவே நடந்தது. வாடகைக்கு விட்டிருந்த எங்கள் வீட்டின் பட்டாலை (கூடம்) தரையைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த சந்தோஷமே போய்விட்டது.

வாடகைக்கு இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வாடகை தவறியதே இல்லை. காலி செய்யும்போது சுத்தமாக ஒப்படைப்போம் என்று காரைக்குடியிலிருந்து ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் பாத்ரூமுக்கு ஊற்றும் ஆசிட்டைப் பட்டாலை முழுக்க ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். "அண்ணே, கறையெல்லாம் போயிருச்சு பாருங்க" என்று குடியிருந்தவர் ஆசையாகத்தான் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தத் தரை ஆத்தங்குடிக் கல், ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் தரை ஓடு. அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடியில் படிந்த அந்த முகம்தான் பளபளப்பு. வேறு மேல்பூச்சு கிடையாது. ஆசிட் பட்டால் அது அரித்துப் போகும். கையால் தடவிப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. சிவப்பெல்லாம் வெளுத்து, பூவின் பச்சை இதழ் சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது. தூணோரம் ஒரு வரிசை மட்டும் தப்பியிருக்கிறது, அதைப் பார்த்தால் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

அப்பத்தா இருந்தவரை வெறும் தண்ணீரில் துடைப்பதுதான். நாள் கிழமை என்றால் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். ஆள் நடமாட நடமாட மெருகு ஏறும் கல் அது. பூட்டிப் போட்டால் கரையானும் ஒழுகலும் வீட்டைத் தின்றுவிடும் என்றுதான் வாடகைக்கே விட்டது. இது அப்பச்சி தனியாகக் கட்டிய வீடு, அதனால் முடிந்தது. பங்காளிகள் எல்லாருக்கும் புள்ளி (பங்கு) இருக்கும் பூர்வீக வளவு வீடு என்றால் அந்தப் பேச்சே வேறு.

சிங்கப்பூரில் வீடு மாறும்போது அறை அறையாகப் பட்டியல், போட்டோ, இரண்டு பக்கமும் கையெழுத்து. ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதுவரை ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். நம் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் டைப் அடிக்கிற கடையில் ஏற்கெனவே இருக்கிற வாசகம்தான்: கரண்டு பில், வெள்ளையடிப்பு, சாவி. நூறு வருடம் உழைக்கும் தரையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆன்லைனிலேயே செய்யலாம். வெளிநாட்டில் இருப்பவர் வீட்டுக்கு வாடகை தருபவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் குடிவருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனக்கசப்பு. தம்பிக்கு எழுதிய பவர் பத்திரத்துக்கு இங்கே சிங்கப்பூரில் இந்திய ஹைகமிஷனில் (தூதரகம்) சான்று வாங்கினாலும், பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும்.

ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். பட்டறைக்காரர் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த அச்சு நம்மகிட்ட இருக்கு தம்பி. புதுச் சிவப்பு கொஞ்ச நாளைக்குக் கண்ணைக் குத்தும், மிதிபட மிதிபடச் சேர்ந்துக்கும்" என்றார். சிங்கப்பூரில் இப்படி ஒரு பழைய கல்லைக் கொண்டுபோனால் யார் இனம் கண்டு சொல்வார்கள்? அந்த ஒரு மணி நேரத்தில்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

கல் தயாராகி வந்ததும் பதிக்கும் வேலையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அடுத்து வருபவருக்கான ஒப்பந்தத்தில் "தரையில் ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடாது, தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் மட்டும்" என்று தனி ஷரத்தே போட்டாயிற்று. ஒவ்வொரு அறையின் தரையையும் போட்டோ எடுத்து அதோடு இணைத்திருக்கிறோம். பழையவரின் முன்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்பதை அவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.