ஆறு ஞாயிறு, ஒரு பாலி வகுப்பு: சேரலாமா?

புத்தர் சாதியை மறுத்தார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். எங்கே, என்ன சொல்லி மறுத்தார் என்று யாராவது கேட்டால் முழிப்பேன். அதற்காகத்தான் புத்தரின் உரைகளைப் பாலி மொழி மூலத்திலேயே படிக்கும் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலை 7 மணி, ஒன்றரை மணி நேரம், ஆறு வாரத்துக்கு 1,200 ரூபாய். பாலி தெரிய வேண்டாம், ஆசிரியரே வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்கிறார்.

முதல் இரண்டு வாரம் அஸ்ஸலாயன சூத்திரம், அஸ்ஸலாயனன் என்ற பையனோடு புத்தர் நடத்திய வாதம். கொடுத்த காசு இதிலேயே வந்துவிட்டது. வேதத்தைக் கரைத்துக் குடித்த 16 வயதுப் பையனைப் புத்தரோடு வாதாடச் சொல்லி பிராமணர்கள் அனுப்புகிறார்கள், அவனோ முதலில் மாட்டேன் என்கிறான், பாவம். பிரம்மாவின் வாயில் பிறந்தவர்கள் நாங்கள் என்று அவன் ஆரம்பிக்க, உங்கள் வீட்டுப் பெண்களும் மாதவிலக்காகி, கருவுற்று, பெற்று, பால் கொடுப்பதைத்தானே பார்க்கிறோம் என்கிறார் புத்தர். வடமேற்கே இருந்த யவன (கிரேக்க), காம்போஜ நாடுகளில் ஆண்டான், அடிமை என்று இரண்டே பிரிவு, அதிலும் ஆண்டான் அடிமையாவான், அடிமை ஆண்டானாவான் என்று அடுத்த போடு. அப்புறம் அந்தத் தீ. சந்தனக் கட்டையில் கடைந்த தீயும், நாய்க்கும் பன்றிக்கும் வைக்கும் மரத்தொட்டியின் கட்டையிலும் ஆமணக்குக் கட்டையிலும் கடைந்த தீயும் எரிவதில் என்ன வித்தியாசம்? ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அடுப்படியிலிருந்து அம்மா, "எந்த விறகா இருந்தா என்ன, சோறு வேகும்ல" என்றார். பையனுக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிட்டார்!

பிராமணர் ஆவது பிறப்பாலா, செயலாலா என்று பேசும் வாசெட்ட சூத்திரத்தை ஆசிரியர் அவசரமாக ஓட்டிவிட்டார். புல், மீன், பறவைக்கெல்லாம் பிறப்பிலேயே அடையாளம் உண்டு, மனிதருக்குள் அப்படி இல்லை என்ற பகுதியை நிறுத்திப் படித்திருக்கலாம்.

குறை என்று பார்த்தால், சங்கடமான இடம் வந்ததும் ஆசிரியர் நழுவுகிறார். நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள், அப்போதுதான் நாங்கள் அவரை வணங்குவோம், எங்கள் சாக்கியக் குல கர்வம் அடங்கும் என்று இளவரசர்களே கேட்ட கதையை உருகிச் சொன்னார். சரி, அந்தக் கதை வரும் விநயத்திலேயே (பிக்குகளுக்கான விதி நூல்) அடிமைகளுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறதே என்று கேட்டேன். "அடுத்த வாரம்" என்றார். இலங்கையில் 1753இல் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த பிக்கு துறவு மரபைப் புதுப்பித்தார், சில ஆண்டுகளிலேயே அப்படி உருவான சியாம் நிகாயம் என்ற பிக்குகள் பிரிவில் துறவு கொவிகம என்ற மேல்சாதிக்கு மட்டும் என்றாகிவிட்டதே என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் அதே பதில். (அந்தச் சியாம் பிக்குவின் பெயரும் உபாலிதான், என்னத்தைச் சொல்ல.) அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. மூலத்தைப் படிக்க ஆசை இருந்தால் தாராளமாகச் சேரலாம். தருவதாகச் சொன்ன ஒலிப்பதிவு மட்டும் இன்னும் வரவில்லை, இரண்டு தடவை ஞாபகப்படுத்தியாயிற்று.