ஒரு ஜன்னல், ஒரு லென்ஸ், மூன்று வருடம்: வீட்டுக்குள்ளேயே போட்டோகிராபி பழகிய அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏபிஎஸ்-சி கேமரா (படம் பதியும் சென்சார் முழு ஃபிரேம் கேமராவைவிடச் சின்னது), 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், சாதாரண ட்ரைபாட், வடக்குப் பார்த்த ஜன்னல். இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. இவற்றை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக வீட்டுக்குள்ளேயே படம் எடுத்துப் பழகி வருகிறேன். எது கைகொடுத்தது, எது நேரத்தை விழுங்கியது என்று எழுதி வைத்தால் இப்போது தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதல் நான்கு மாதம் வீடியோக்களிலேயே போனது. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றும் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் எந்த டயலை எந்தப் பக்கம் திருப்புவது என்று விரலுக்குத் தெரியவில்லை. வீடியோ பார்ப்பதில் தப்பில்லை. ஒரு வீடியோ பார்த்தால் அன்றே அதை வைத்து இருபது படமாவது எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தது ஒரு வெள்ளைக் கோப்பையில்தான். வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்தேன். படத்தில் எல்லாமே சாம்பல் நிறம். கேமரா கெட்டுப்போய்விட்டதோ என்றுகூடப் பயந்தேன். அப்புறம்தான் புரிந்தது: கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர சாம்பலாகவே எடுத்துக்கொள்கிறது. வெள்ளையைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுப்பைக் காட்டினால் கூட்டிவிடும். கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்ததும் கோப்பை வெளுத்தது. கறுப்புத் துணிமேல் கறுப்புப் பர்ஸை வைத்தபோது -1. இதைப் பத்துத் தடவை படித்திருந்தேன். மண்டையில் ஏறியது அந்த மதியம்தான்.

அதோடு விடாமல் அதே கோப்பையை அதே மேஜையில் ஒரு மாதம் எடுத்தேன். ஒரு நாள் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி, ஒரு நாள் கோப்பைக்குப் பின்னால், ஒரு நாள் என் முதுகுக்குப் பின்னால். முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் கோப்பை தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் வந்தால் உருண்டு திரண்டு நிற்கும். பின்னாலிருந்து வந்தால் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு ஓடும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அதே இடத்தில் கறுப்பு அட்டையை வைத்தால் நிழல் இறுகும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன நோட்டில் நேரம், ஜன்னலிலிருந்து எத்தனை அடி, திரை மூடியிருந்ததா என்று குறித்து வைத்தேன். இந்த மூன்று வருடத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அந்த நோட்டுதான். ஷட்டர், அப்பர்ச்சர் எல்லாம் படத்தின் கோப்பிலேயே பதிவாகிவிடும். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

கோப்பைக்கு அடுத்து அம்மா. ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவரை எடுக்கப் போனேன். ஜன்னலை நேராகப் பார்த்தபடி இருந்ததால் முகத்தில் நிழலே இல்லை. சுருக்கங்கள், கன்னத்து மேடு எல்லாம் ஒரே பரப்பாகத் தெரிந்தன. “அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்றேன். “படிக்க விடுறியா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே திரும்பினார். அவ்வளவுதான், மூக்கின் நிழல் கன்னத்தில் சரிந்தது, தூரத்துக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் மிஞ்சியது, இரண்டு கண்ணிலும் ஜன்னல் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னியது. நான் கேமராவில் எதையுமே மாற்றவில்லை. அதே அமைப்பில் நாற்காலியை இரண்டடி உள்ளே நகர்த்தியதும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய், ஐஎஸ்ஓவை 400-லிருந்து 1,000-க்கு ஏற்ற வேண்டியதாயிற்று.

அன்று எடுத்ததில் பாதிக்கு மேல் வீண். திறப்பை அகலமாக எஃப் 1.8-இல் வைத்து எடுத்ததால் கூர்மையாக விழும் ஆழம் குறைந்து, ஒரு கண் கூர்மையாகவும் இன்னொரு கண் மங்கலாகவும் வந்திருந்தன. இப்போது கிட்டத்தில் முகம் எடுத்தால் திறப்பைச் சுருக்கி எஃப் 2.8 அல்லது 4, ஷட்டர் 1/125 நொடி அல்லது அதைவிட வேகமாக. பின்னணி மங்குவது குறைந்துவிடுமே என்று கவலைப்படத் தேவையில்லை; ஆளைச் சுவரிலிருந்து தள்ளி உட்கார வைத்தாலே போதும், மங்கிவிடும்.

பகலில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுவது என் பழக்கமாகிவிட்டது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் ஆரஞ்சு. பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5,500 கெல்வின், மஞ்சள் பல்பு 2,700 முதல் 3,000 வரை. இரண்டும் சேர்ந்து விழுந்தால் முகத்தில் ஒரு பாதி நீலம், மறு பாதி ஆரஞ்சு; வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் எதை வைத்தாலும் ஒரு பக்கம் கெடும். இரவில் எல்இடி விளக்கில் எடுத்தபோது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. 1/500 போன்ற வேகத்தில் அந்த மினுக்கல் பதிந்துவிடுகிறது. 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 எம்எம் என்பது முழு ஃபிரேம் கேமராவில் ஏறக்குறைய 75 எம்எம் போல நடந்துகொள்ளும், அதாவது குறுகலான காட்சியே கிடைக்கும். சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் மேஜை முழுதும் அடங்காது. வீட்டுக்குள் பழகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 35 எம்எம் எடுங்கள். மொபைல் மட்டுமே இருந்தாலும் தயங்க வேண்டாம். பெரும்பாலான மொபைல்களில் அப்பர்ச்சர் மாறாது, அதனால் அந்தப் பாடம் மட்டும் பாக்கி நிற்கும். வெளிச்சத்தையும் ஃபிரேமையும் அதிலேயே தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் முதல் வருடம் நிறங்களை அளவுக்கு மீறி ஏற்றினேன். இப்போது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் வேலை செய்கிறேன். சாதாரணப் படக் கோப்பான 8 பிட் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. நிழலை மேலே தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எடுத்த அன்றே படங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எடுத்தபோது இருந்த பரபரப்பு அடங்கிவிடும், நாற்பதில் எந்த இரண்டு தேறும் என்று சட்டென்று தெரிந்துவிடும்.

ஒத்துவராதது தினம் ஒரு படம் என்ற திட்டம். எழுபது நாளுக்கு மேல் தாங்கவில்லை, கடமைக்கு எடுக்கத் தொடங்கிவிட்டேன். வாரத்துக்கு ஒரே பயிற்சி, ஒரே பொருள் என்று மாற்றிய பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது.

ஒரு நஷ்டமும் உண்டு. மழைக்காலத்தில் இரண்டு மாதம் லென்ஸைப் பையோடு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் நூல் நூலாகப் பூஞ்சை. சுத்தம் செய்தும் மெல்லிய தடம் போகவில்லை. ஜன்னலைப் பார்த்து எடுத்தால் படம் லேசாக வெளிறுகிறது. அதன் பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஷட்டரை 10 நொடி திறந்து வைத்து, டார்ச்சால் கோப்பையை வருடி எடுக்கும் பயிற்சியில் இருக்கிறேன். அதே வெள்ளைக் கோப்பைதான். நேற்று எடுத்த பதினாறில் ஒன்றில் மட்டும் கைப்பிடியின் உள்வளைவில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. டார்ச்சை எந்த உயரத்தில், எந்தப் பக்கமிருந்து இழுத்தேன் என்று நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். இன்றிரவு மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.